முன்னோர் கனவு கண்ட வான ஊர்திகள்

2017ஆம் ஆண்டு. இமயமலையின் பெருஞ்சிகரங்களுக்கிடையே ஓர் அழகிய மாளிகை. அதில் அறிஞர் அறுவர் வாழ்கின்றனர். ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் ஜெர்மானியர், அமெரிக்கர், இத்தாலியர், ருஷ்யர். லாப்லாஸ், நியூட்டன், ஹெல்ம்ஹோல்ட்ஸ், பிராங்க்ளின், கலிலியோ எனப் பழைய பேரறிஞர்களின் பெயர்களைத் தாங்கிய அவர்களுக்கிடையே ருஷ்யருக்கு மட்டும் இவானோவ் என்னும் சாதாரணப் பெயர். ராக்கெட் ஒன்றைக் கட்டி அதில் ஏறி வான வெளிக்குச் செல்லலாம் என்னும் யோசனையைக் கூறுபவரும் அவரே. அறுவரும் கணக்குப் போடுகின்றனர், கலத்தைக் கட்டுகின்றனர், கிளம்பும் வேகத்தில் உடல் நசுங்கிவிடாதிருக்க நீர் நிறைந்த தொட்டிகளில் அமிழ்ந்து கிடக்கின்றனர், பூமியை வலம் வருகின்றனர், ஆகாயத்திலேயே கண்ணாடித் தோட்டம் அமைத்துக் காய்கனி விளைவித்து உண்கின்றனர்.

2017ஆம் ஆண்டை நாமெல்லாரும் கண்டுவிட்டோம். அப்படி ஒரு மாளிகை இமயத்தில் இருந்ததாக எவரும் கேள்விப்படவில்லை. அது ருஷ்ய நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் உள்ளத்தில் மட்டுமே இருந்தது. கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி என்னும் அம்மனிதர் எழுதிய ‘பூமிக்கு வெளியே’ என்னும் அக்கதை 1920இல் முழு நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டு தள்ளி, நம் நாட்டு மலைமீது அவர் தம் கனவை ஏற்றி வைத்தார்.

இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு வந்தது, 1968இல் நடைபாதைப் புத்தகக் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. அப்போது நான் கல்லூரி மாணவன். ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, அன்றிரவு சாப்பிடும்போது என் தந்தையாரிடம் கதையைச் சொன்னேன். அவர் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். ஊரைவிட்டு வந்து இருபது ஆண்டு காலனி வீட்டில் வாழ்ந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்த ஆறு பேரில் நம்மவன் எவனடா?” என்றார். எவரும் இல்லை என்றேன். “மலை நம்முடையது, மாளிகை அவர்களுடையது, அப்படித்தானே?” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். நான் விடை சொல்லவில்லை. புத்தகத்தில் அறுவர் பெயரும் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்தேன்.

அந்தக் கேள்விக்குறியே இக்கட்டுரைக்கு வித்து. வானத்தில் ஏறிச் செல்லவேண்டும் என்று முன்னோர் எவ்வாறெல்லாம் எண்ணினர், எதில் ஏறிச் செல்ல எண்ணினர், அவர்கள் எண்ணாமல் விட்டது எது என்பனவற்றைச் சிறிது காண்போம்.

இக்கதைகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். தம் கண்ணெதிரே ஓடும் ஊர்திகளுள் எது சிறந்ததோ அதையே ஒவ்வொரு தலைமுறையும் வானத்துக்கு அனுப்பியது. கடலோடிகள் நிறைந்த கிரேக்க உலகில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூசியன் ஒரு மரக்கலத்தையே சந்திரனுக்கு அனுப்பினார். பெருஞ்சூறாவளி ஒன்று கப்பலை மேலே தூக்கிச் செல்ல, ஏழு பகலும் ஏழு இரவும் ஆகாயத்தில் மிதந்து, எட்டாம் நாள் அது சந்திரனை அடைகிறது. அங்கே போய்ப் பார்த்தால் சந்திரனின் அரசனுக்கும் சூரியனின் அரசனுக்கும் போர்; விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்பதே வழக்கு! தாம் எழுதுவதில் ஓரெழுத்தும் உண்மையன்று என்று லூசியனே முன்னுரையில் கூறிவிடுகிறார். பின்னர் வந்த பலருக்கு இந்த நேர்மை இல்லை.

நம் இலக்கியத்திலும் வான ஊர்திகள் உண்டு என்பதை இச்சங்கத்து அன்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை வலப்புறம் திருகினால் மேலெழும். இடப்புறம் திருகினால் கீழிறங்கும். கருவுற்ற அரசி விசயை அதிலேறித் தப்பிச் சென்று சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். புறநானூற்றின் 27ஆம் பாட்டோ, புலவர் பாடும் புகழுடையோர் ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தியில் மேலுலகம் செல்வர் என்னும் நம்பிக்கையைச் சொல்கிறது. இவற்றைக் காட்டி, நம் முன்னோர் விமானம் கட்டினர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. நான் அவர்களுள் ஒருவன் அல்லேன். இவை கவிஞரின் கற்பனை. கற்பனை என்னும் அளவிலேயே பெருமைக்குரியவை. ஆயினும் ஓட்டுபவன் இல்லாத ஊர்தி என்னும் அந்த எண்ணத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் தொலைநோக்கி வந்துவிட்டது. சந்திரனில் மலையும் பள்ளமும் கண்ணுக்குத் தெரிந்தன. மலையென்றால் நாடு, நாடென்றால் போய்வரும் வழி வேண்டுமன்றோ? காட்வின் என்னும் ஆங்கிலப் பாதிரியார், குளிர்காலத்தில் கண்காணாமற் போகும் பறவைகள் சந்திரனுக்கே செல்கின்றன என்று கொண்டு, காட்டு வாத்துகளைப் பூட்டிய பலகையில் தம் கதைத்தலைவனை அனுப்பி வைத்தார். அவர் இறந்த பின்னர் 1638இல் அந்நூல் வெளிவந்தது. பிரான்ஸ் நாட்டுச் சிரானோ தெ பெர்ஜராக் இன்னும் வேடிக்கையானவர். காலையில் பனித்துளி கதிரவனை நோக்கி மேலேறுகிறது. ஆகவே பனிநீர்க் குப்பிகளை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் நாமும் ஏறலாம் என்பது அவர் கணக்கு. அப்படி ஏறியவர் கானடாவில் போய் விழுகிறார். அடுத்து அவர் செய்த யந்திரத்தில் படைவீரர்கள் விளையாட்டாக வாணங்களைக் கட்டிக் கொளுத்திவிடுகின்றனர். ஓர் அடுக்கு எரிந்து தீர்ந்ததும் அடுத்த அடுக்கு பற்றிக்கொள்கிறது. 1657இல் அச்சான இக்கதையில் அடுக்கு ராக்கெட் வந்துவிட்டது! ஆனால் அதன் அருமையை எழுதியவரே அறிந்திலர். வாணம் தீர்ந்ததும், காயத்துக்குப் பூசியிருந்த மாட்டெலும்பின் மச்சையைச் சந்திரன் உறிஞ்சுவதால் தாம் மேலே போய்ச் சேர்ந்ததாக முடித்துவிட்டார்.

இவர்களுக்கிடையே ஒருவரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். அவர் யொஹான்னஸ் கெப்ளர். கோள்கள் நீள்வட்டப் பாதையில் செல்கின்றன என்று கண்ட அதே கெப்ளர் ‘கனவு’ என்னும் கதை ஒன்றை எழுதினார். அதில் மனிதரைச் சந்திரனுக்குத் தூக்கிச் செல்பவை பூதங்கள். கிரகண நேரத்தில் பூமியின் நிழல் வழியே நான்கு மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடும். பூதம் என்றதும் நகைக்க வேண்டாம். தூக்கிச் செல்லும் கருவி தமக்குத் தெரியாது என்பதை அவர் பூதம் என்னும் பெயரால் ஒப்புக்கொண்டார். மற்றவற்றையெல்லாம் கணக்காகவே சொன்னார். கிளம்பும் அதிர்ச்சி கொடியது. ஆகவே பயணியை மருந்தால் மயக்கி, கைகால்களைப் பக்குவமாக வைக்கவேண்டும் என்றார். மேலே குளிர் மிகும், மூச்சுவிட முடியாது, நனைந்த பஞ்சை மூக்கில் வைக்கவேண்டும் என்றார். பருத்த உடம்புக்காரர் இப்பயணத்துக்கு ஆகார், உலர்ந்து மெலிந்த கிழவிகளே ஏற்றவர் என்றும் கேலியாக எழுதினார்.

அந்தக் கேலி அவர் குடும்பத்தையே சுட்டது. கதையில் வரும் பையனின் தாய் மூலிகை விற்பவள், பூதங்களோடு பேசுபவள். கெப்ளரின் தாய் கத்தரீனாளும் மூலிகை அறிந்த முதியவள். அச்சாகாத அந்தக் கதைப்பிரதி கைமாறிப் பரவியது. பின்னர் கத்தரீனாள்மீது சூனியக்காரி என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. தம் கதையே வம்புக்கு இரையாகியிருக்கும் என்று கெப்ளர் வருந்தினார். எழுபது வயது கடந்த தாய் 1620 ஆகஸ்டு முதல் 1621 அக்டோபர் வரை சிறையிலிருந்தாள். மகன் தம் வேலையை ஒதுக்கிவிட்டு வந்து வழக்காடி அவளை மீட்டார். அடுத்த ஆண்டே அவள் இறந்தாள். அதன்பின் கெப்ளர் அச்சிறு கதைக்கு 223 விளக்கக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். கதையினும் குறிப்புகளே நீளம்! 1630இல் அவர் மறைந்தார். 1634இல் அவர் மகன் நூலை வெளியிட்டார். வான யாத்திரையைப் பற்றி எண்ணியதற்காக ஒரு குடும்பம் கொடுத்த விலை அது.

பின்னர் நியூட்டன் வந்தார். மிக உயர்ந்த மலையுச்சியில் பீரங்கியொன்றை வைத்து, குண்டை மேலும் மேலும் வேகமாகச் சுட்டால், ஒரு வேகத்தில் அது தரையில் விழாமலே பூமியைச் சுற்றிவரும் என்று அவர் விளக்கினார். செயற்கைத் துணைக்கோளின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கும். நியூட்டன் இதை உதாரணமாகவே சொன்னார். ஆயினும் பீரங்கி என்னும் சொல் பிறர் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

ஜூல்ஸ் வெர்ன் 1865இல் எழுதிய ‘பூமியிலிருந்து சந்திரனுக்கு’ என்னும் நாவலை நம்மில் பலர் இளமையில் படித்திருக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, வேலையற்றுப்போன பீரங்கி வல்லுநர்கள் கூடிச் சந்திரனை நோக்கிச் சுடத் தீர்மானிக்கின்றனர். புளோரிடாவில் 900 அடி ஆழக் குழி தோண்டி அதையே பீரங்கியாக வார்க்கின்றனர். ஒன்பது அடிக் குறுக்களவுள்ள அலுமினியக் குண்டினுள் மூன்று மனிதரும், இரண்டு நாய்களும், சில கோழிகளும் அமர்கின்றனர். குண்டு சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் பசிபிக் கடலில் விழ, கப்பல் ஒன்று அவர்களை மீட்கிறது. நூறாண்டு கழித்து 1969 ஜூலையில் அப்போலோ 11 புளோரிடாவிலிருந்தே கிளம்பியது. மூவரே அதில் சென்றனர். பசிபிக் கடலிலேயே வந்து விழுந்தனர். திரும்பும் வழியில் ஆர்ம்ஸ்டிராங் வானொலியில் பேசியபோது வெர்னின் இந்நூலைக் குறிப்பிட்டே பேச்சைத் தொடங்கினார். புளோரிடா ஒற்றுமை தற்செயல் அன்று. அமெரிக்க நாட்டில் நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இடம் வேண்டும் என்று வெர்ன் கணக்கிட்டார். ஏறத்தாழ அதே காரணத்தால் அமெரிக்க விஞ்ஞானிகளும் அங்குச் சென்றனர்.

ஆனால் அந்தக் குண்டினுள் அமர்ந்தவர் கதி என்ன? நம் வீட்டுப் பள்ளிப்பிள்ளைகளும் இதைக் கணக்கிடலாம். குண்டு விநாடிக்கு 12,000 கஜ வேகத்தில் வெளிப்படவேண்டும் என்கிறார் வெர்ன். 900 அடிக் குழலுக்குள்ளேயே, சுழியிலிருந்து அவ்வேகத்தை அது எட்டியாக வேண்டும். ஒரே சீராக வேகம் கூடியதென்று கொண்டாலும், குழலைக் கடக்க ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கே ஆகும். அப்போது உள்ளிருப்பவர் எடை 22,000 மடங்காகும். அறுபது கிலோ எடையுள்ள மனிதர் 1,300 டன்னுக்கு மேற்பட்ட பாரமாகித் தரையில் தகடாகிவிடுவார்! அதிர்ச்சியைத் தாங்க வெர்ன் வைத்ததோ மூன்றடி நீர்மெத்தை. இதில் விந்தை யாதெனில், அவர் கையில் ராக்கெட்டும் இருந்தது. 1870இல் வந்த இரண்டாம் பாகத்தில், சந்திரனில் மெல்ல இறங்குவதற்கென்று குண்டின் அடியில் வாணங்களைப் பொருத்தியிருந்தார். வாயு இல்லாத வெளியில் வாணம் வேலை செய்யும் என்பதை அறிந்தும், அதைக் கொண்டே கிளம்பலாம் என்று அவர் எண்ணவில்லை. பீரங்கியே பெரிதென்று கண்ட நூற்றாண்டு அது.

வெர்ன் காலத்திலேயே எட்வர்டு ஹேல் என்னும் அமெரிக்கர், மாலுமிகளுக்கு வழிகாட்டச் செங்கல்லால் 200 அடிக் குறுக்களவுள்ள செயற்கைச் சந்திரனைக் கட்டி, பெருஞ்சக்கரங்களைச் சுழற்றி மேலே எறிவதாக 1869இல் எழுதினார். எச். ஜி. வெல்ஸ் 1901இல் புவியீர்ப்பையே தடுக்கும் ஒரு பொருளைக் கற்பித்துச் சிக்கலைச் சுலபமாகத் தாண்டிவிட்டார். அந்தப் பொருளைக் கண்ணில் காட்டட்டும் பார்ப்போம் என்று முதிய வெர்ன் சினந்துகொண்டாராம். சினம் நியாயமே, ஆனால் 22,000 மடங்குப் பாரத்தை நாம் அவருக்குக் காட்டியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்தப் பாரத்தை அவருடைய வாசகர்களே கணக்கிட்டனர். அவர்களுள் முதல்வர் இமயத்து மாளிகையைக் கட்டிய சியோல்கோவ்ஸ்கி. 1857இல் பிறந்த அவர், சிறு வயதில் விஷக்காய்ச்சல் கண்டு செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். பள்ளிப்படிப்பு நின்றது. பதினாறு வயதில் மாஸ்கோவுக்குச் சென்று, பெரும்பாலும் கறுப்பு ரொட்டியையே உண்டு, பொது நூலகத்தில் மூன்றாண்டு தாமே படித்தார். பின்னர் சிற்றூர்ப் பள்ளிகளில் கணித ஆசிரியரானார். வான யாத்திரை ஆசையைத் தமக்கு ஊட்டியவர் வெர்னே என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் வாத்தியாரல்லவா? கதையைப் படித்ததும் கணக்கைச் சரிபார்த்தார். பீரங்கி ஆளைக் கொல்லும் என்று கண்டார். சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுவது எது என்று தேடி ராக்கெட்டை வந்தடைந்தார்.

ராக்கெட்டின் கணக்கு எளியது, ஆனால் கொடியது. ஓடத்தில் அமர்ந்துகொண்டு கற்களைப் பின்னால் எறிந்தால் ஓடம் முன்னே நகரும். எறிய எறியக் கல் குறையும், ஓடத்தின் பாரமும் குறையும், வேகம் கூடும். பின்னால் உள்ள காற்றை உதைத்துத் தள்ளவேண்டிய தேவையில்லை. ஆகவே காற்றில்லாத வெளியிலும் இது செல்லும். ஆனால் எரிபொருளை மேலே கொண்டுபோகவும் எரிபொருள் வேண்டும். அதைச் சுமக்க மேலும் எரிபொருள். ரயில் எஞ்சின் ஒன்று டில்லியிலிருந்து சென்னை வரை வழியில் எங்கும் கரியோ நீரோ எடுக்காமல், எல்லாவற்றையும் புறப்படும்போதே சுமந்து செல்வதாக எண்ணிப் பாருங்கள். எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு வேகம் கிட்டும் என்பதைக் கூறும் சூத்திரத்தை அவர் 1903இல் அச்சிட்டார். திரவ ஆக்ஸிஜனும் திரவ ஹைட்ரஜனும் வேண்டும் என்றும் அதிலேயே கூறினார். அவ்வாண்டு டிசம்பரில்தான் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பியது. விமானமே பறக்காத உலகில், காலுகா என்னும் சிற்றூரில், காது கேளாத ஆசிரியர் ஒருவர் விண்வெளிக்கு எரிபொருட்கணக்கு எழுதிவிட்டார். படித்தவர் மிகச் சிலரே.

அமெரிக்காவில் ராபர்ட் காடார்டும் இதே முடிவுக்குத் தனியே வந்தார். வெற்றுவெளியில் உதைத்துத் தள்ள ஒன்றுமில்லாதபோது ராக்கெட் எவ்வாறு செல்லும், இது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியுமே என்று 1920இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேடு அவரைத் தலையங்கத்தில் எள்ளி நகையாடியது. 1926 மார்ச் 16ஆம் நாள் அவர் விட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட் இரண்டரை விநாடி பறந்து 41 அடி உயரம் சென்றது. 1945இல் அவர் இறந்தார். அப்போலோ 11 சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 1969 ஜூலை 17ஆம் நாள் அதே நாளேடு தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது.

ஜெர்மன் மொழியில் எழுதிய ஹெர்மன் ஓபர்த்தும் வெர்னின் வாசகரே. 1923இல் வந்த அவர் நூலைக் கண்டு எழுச்சி கொண்ட இளைஞர் பலர். பிரிட்ஸ் லாங் என்னும் இயக்குநர் 1929இல் எடுத்த சந்திர யாத்திரைப் படத்துக்கு அவரே ஆலோசகர். ராக்கெட் கிளம்பும் காட்சியில் பரபரப்பு ஊட்டுவதற்காக அப்படத்தில் எண்களைத் தலைகீழாக எண்ணினார்கள். இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலும் ஒவ்வொரு முறையும் அவ்வாறே எண்ணுகிறார்கள். சினிமா விஞ்ஞானத்துக்குக் கொடுத்த தட்சிணை அது!

இதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு கனவு எழுதப்பட்டது. பரத்வாஜ முனிவர் இயற்றியதென்று சொல்லப்படும் ‘வைமானிக சாஸ்திரம்’ பெங்களூருக்கு அருகில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரியார் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அதற்கான படங்களை 1923இல் வரைவாளர் ஒருவர் வரைந்தார். 1974இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த ஐவர் இதை ஆராய்ந்து, நூல் 1904க்கு முற்பட்டதாக இராது என்றும், அதில் கூறிய விமானங்கள் பறக்கமாட்டா என்றும் முடிவு கூறினர். படங்களைப் பார்த்தால் பற்சக்கரங்களும், விசிறிகளும், குழாய்களும் தெரியும். 1920களின் பட்டறை முழுவதும் அதில் இருக்கிறது. இதைப் பழைய வேதகாலத்து நூலென்று பிள்ளைகளுக்குச் சொல்வது தவறு. நம் பாட்டனார் காலத்துக் கற்பனை நூலென்று சொன்னால் லூசியன், சிரானோ வரிசையில் அதற்கும் ஓரிடம் கிடைக்கும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் உலகப் போரில் ராக்கெட் படைக்கலமாயிற்று. லண்டன்மீது விழுந்த வி-2 ராக்கெட்டுகளைச் செய்யக் கைதிகளை அடிமைகளாக்கி வருத்தியதில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவற்றை உருவாக்கிய வெர்னர் வான் பிரவுன் போருக்குப் பின் அமெரிக்கா சென்று, 1952 மார்ச்சில் ‘காலியர்ஸ்’ பத்திரிகையில் வண்ணப் படங்களுடன் தம் திட்டத்தை வெளியிட்டார். 250 அடிக் குறுக்களவுள்ள பெருஞ்சக்கரம் ஒன்று 1,075 மைல் உயரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். சக்கரம் சுழல்வதால் உள்ளிருப்போருக்கு எடை உண்டாகும். அவர்கள் மேலிருந்து மேகங்களையும் நாடுகளையும் ஓயாது கண்காணிப்பர். பின்னர் செவ்வாய்க்குச் செல்லப் பத்துக் கலங்கள், எழுபது பேர்! படங்களைப் பார்த்தவர் யாவரும் இது நாளையே நடக்கும் என்று நம்பினர். இதற்கு ஏழாண்டு முன்னரே, 1945இல், பின்னாளில் இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் கிளார்க், பூமியோடு ஒத்துச் சுழலும் மூன்று நிலையங்களை வானில் நிறுத்தினால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதியிருந்தார். மிகச் சரியான கருத்து. ஆனால் அந்நிலையங்களில் ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்று அவரும் எண்ணினார். ஏனெனில் அக்காலத்து ரேடியோ வால்வுகள் அடிக்கடி எரிந்து போகும். மாற்றுவதற்கு ஆள் வேண்டாமா? பழைய வால்வு ரேடியோவை ரிப்பேர் கடைக்கும் வீட்டுக்குமாகச் சுமந்த நம் தலைமுறைக்கு அவர் கவலை நன்றாகப் புரியும்.

இங்கேதான் எல்லாரும் தவறினர். வாத்தும் பூதமும் பீரங்கியும் கழிந்து ராக்கெட் வந்தது. அதில் அவர்கள் வென்றனர். ஆனால் வான ஊர்தி என்றால் உள்ளே மனிதன் இருந்தே தீரவேண்டும் என்னும் எண்ணத்தை விட்டவர் மிகச் சிலர். 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1957 அக்டோபர் 4ஆம் நாள், சியோல்கோவ்ஸ்கியின் நூற்றாண்டு நிறைந்த சில நாட்களில், வானேறிய முதற்கலம் 58 சென்டிமீட்டர்க் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. அதில் ஆளில்லை. 1969 முதல் 1972 வரை பன்னிருவர் சந்திரனில் நடந்து திரும்பினர். ஆனால் செவ்வாய், வியாழன், சனி என்று தொலைவிலுள்ள கோள்களுக்கெல்லாம் சென்றவை ஓட்டுபவன் இல்லாத ஊர்திகளே. புறநானூற்றுப் புலவர் இதை முன்னறிந்தார் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது!

அவர்கள் எண்ணாத மற்றொன்றும் உண்டு. ஆர்ம்ஸ்டிராங் சந்திரனில் கால் வைத்தபோது நம் நேரம் 1969 ஜூலை 21, திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. காலனியில் அலுவலகம் செல்லும் வேளை. வானொலிப் பெட்டி இருந்த வீட்டு வாசலில், கையில் சாப்பாட்டு அடுக்கோடு நின்றவர்கள் நின்றபடியே இருந்தனர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அன்று அவர் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார். இருபது ஆண்டில் அது முதல் முறை என்று தாயார் பலகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். சந்திரனுக்குப் போனவரை உலகமே அப்பொழுதே பார்த்தும் கேட்டும் இருக்கும் என்பதை அந்தப் பழைய கதைகளில் நான் கண்டதில்லை. வெர்னின் மூவர் கண்ணில் படவே பூமியில் பெருந்தொலைநோக்கி வேண்டியிருந்தது. அவர்கள் குரலைக் கேட்க வழியே இல்லை.

வானிலிருந்து ஒலியும் ஒளியும் நம் வீட்டுக்கே வந்து சேர்ந்ததை நாம் அறிவோம். 1975-76இல் அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டப்பட்டது. 1990களில் இந்தக் காலனி மாடிகளில் தமிழ் நிகழ்ச்சிகள் வந்திறங்கின. அதுவரை ஊர்ச்செய்தி அறிய இரண்டு நாள் பழைய பத்திரிகைக்குக் காத்திருந்த முதியோர், அன்றைய செய்தியை அன்றே தமிழில் கேட்டு வியந்ததை நாம் மறந்திருக்க முடியாது. சந்திரனுக்கு வாத்து பூட்டியவர் எவரும் இதை நினைத்துப் பார்த்ததில்லை.

இனி என் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் அதைக் கேட்பதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1963 நவம்பர் 21ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து ஒரு சிறு ராக்கெட் மேலே சென்றுவிட்டது. அங்கிருந்த மாதா கோயிலே அலுவலகம். அந்த ராக்கெட் அமெரிக்கர் தந்தது. அதைச் செலுத்தப் பயிற்சி பெற்றிருந்தவர்களுள் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். செய்தித்தாளில் அது வந்திருக்கும், எங்களுக்கு நினைவில்லை. 1980 ஜூலையில் நம் நாட்டில் கட்டிய ராக்கெட்டே, கலாமின் தலைமையில், நம் துணைக்கோளை மேலே வைத்தது. 2023 ஆகஸ்டு 23இல் சந்திரனின் தென்முனைப் பகுதியில் ஆளில்லாக் கலம் மெல்ல இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர். இவற்றையெல்லாம் பிள்ளைகள் பாடமாகவே படிக்கின்றனர்; நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

என் மனத்தில் நிற்பது வேறொரு நாள். இமயத்து அறுவர் வாழ்ந்ததாகச் சியோல்கோவ்ஸ்கி குறித்த அதே 2017ஆம் ஆண்டு, பிப்ரவரி 15, காலை ஒன்பதரை மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஒரே ராக்கெட் அரை மணி நேரத்துக்குள் 104 துணைக்கோள்களை ஒன்றோடொன்று மோதாமல் வானில் விட்டது. அதற்குமுன் எந்த நாடும் ஒரே ஏற்றத்தில் அத்தனையை விட்டதில்லை. மொத்த எடை 1,378 கிலோ. அதில் சரிபாதிக்கு மேல் நம் நாட்டின் ஒரே கலம். 104இல் நம்முடையவை மூன்று. மற்ற 101உம் அயல்நாட்டாருடையவை. அவற்றுள்ளும் 96 அமெரிக்கருடையவை. பல ஐந்து கிலோ அளவே எடையுள்ளவை. ஒரு கையால் தூக்கிவிடலாம். எதிலும் ஆளில்லை.

தந்தையார் அதைக் காண இல்லை. அன்று மாலை அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த மாஸ்கோ புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தாள் பழுப்பேறிவிட்டது. அறுவர் பெயரும் உள்ள பக்கத்தில் பென்சில் கேள்விக்குறி மங்கலாகத் தெரிந்தது. அழிப்பானை எடுத்தேன். பிறகு, மலை நம்முடையது என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்தது நினைவுக்கு வரவே, அழிக்காமல், பக்கத்தில் அன்றைய தேதியை மட்டும் எழுதி வைத்தேன்.